உழைச்செல்வாரின் உளச்சுமை

மருத்துவம் என்பது மருந்து மட்டுமன்று. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, நோயரின் அருகிருந்து அம்மருந்தைப் பிழையின்றிச் செலுத்துபவர் ஆகிய நான்கும் கூடிய தொகுதியே மருத்துவம் என்று திருக்குறளின் 950ஆம் பா வகுத்துக் காட்டுகிறது. அந்நான்காம் உறுப்பினரை வள்ளுவர் உழைச்செல்வான் என்கிறார். அப்பாவுக்கு உரை வரைந்த பரிமேலழகர் ஒவ்வோர் உறுப்புக்கும் நன்னான்கு இயல்புகளை எண்ணி, உழைச்செல்வானுக்கு உரியனவாக நோயரிடத்து அன்பு, தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்து முடிக்கும் வன்மை, அறிவு ஆகியவற்றைக் குறித்தார். இப்பட்டியலை ஓர் எழுத்தும் மாற்றாமல் இன்றைய செவிலியர் கல்லூரிச் சுவர் எதிலும் எழுதி வைக்கலாம். ஆயினும் கூர்ந்து நோக்கின், நான்கும் அவர் தரவேண்டியவை. அவர் பெறவேண்டியது ஒன்றேனும் அதில் இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய உரையாசிரியரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. 2020ஆம் ஆண்டில் கொரோனா என்னும் உலகக் கொள்ளைநோய் வந்தபோதும் பட்டியல் அவ்வாறே இருந்தது என்பதே நான் சொல்ல வந்தது.

பொருளை ஆராயுமுன் சொற்களை வரையறுத்துக்கொள்வோம். ஒரு பொருளின்மேல் புறவிசை செயற்படும்போது அதனுள் ஓரலகுப் பரப்பில் எழும் மீள்விசையை இயற்பியல் தகைவு என்கிறது. அதனால் அப்பொருளின் அளவிலோ வடிவிலோ நேரும் மாற்றத்தின் வீதத்தைத் திரிபு என்கிறது. விசை நீங்கியதும் பொருள் பழைய வடிவை அடையுமாயின் அது மீட்சி எல்லைக்குள் நின்றது. அடையாதாயின் அவ்வெல்லையைக் கடந்துவிட்டது. மேனிலைப் பள்ளி மாணவர் அனைவரும் அறிந்த இச்சொற்களை உளவியலிலும் இழப்பின்றி ஆளலாம். பணியின் கேட்பு ஒருவருடைய ஆற்றலையும் துணையையும் விஞ்சும்போது அவருள் எழும் இறுக்கம் உளத்தகைவு. அவ்விறுக்கத்தால் அவர் துயிலிலும் எண்ணத்திலும் பிறரோடு பழகும் முறையிலும் நிகழும் மாற்றம் உளத்திரிபு. ஓய்வு கிடைத்தும் அம்மாற்றம் நீங்காது நிலைத்துவிட்டால், உள்ளம் தன் மீட்சி எல்லையைக் கடந்துவிட்டது என்று கொள்க.

இவ்வொப்புமை ஓரிடத்தில் முறிகிறது. முறியும் அவ்விடமே நமக்கு வேண்டியது. தன்மேல் சுமை ஏன் ஏற்றப்பட்டது என்று எஃகு வினவுவதில்லை. மாந்த உள்ளம் வினவுகிறது. ஒரே அளவான சுமை, முறையானது என்று உணரப்படும்போது ஒருவகைத் திரிபையும், முறையற்றது என்று உணரப்படும்போது முற்றிலும் வேறுவகைத் திரிபையும் விளைவிக்கிறது.

உடல் இச்சுமையை இரு வழிகளில் எதிர்கொள்கிறது. முதலாவது விரைவழி. கண்முன் இடர் தோன்றிய நொடியிலேயே பரிவு நரம்பு மண்டலம் கிளர்ந்தெழ, அண்ணீரகச் சுரப்பியின் உட்பகுதி அட்ரினலினைக் குருதியில் கலக்கிறது. நெஞ்சத்துடிப்பு விரைகிறது, தசைகளுக்குக் குருதி பாய்கிறது, செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது. எதிர்த்து நில் அல்லது ஓடித் தப்பு என்னும் இவ்விருமுனை ஏற்பாட்டை அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்ட்டர் கேனன் விளக்கினார். இரண்டாவது மெல்வழி. மூளையின் அடித்தலாமசு மூளையடிச் சுரப்பியைத் தூண்ட, அது அண்ணீரகத்தின் புறணியைத் தூண்ட, அங்கிருந்து கார்ட்டிசால் என்னும் இயக்குநீர் வெளிப்பட்டு, நெடும்பொழுது தாங்குவதற்கான எரிபொருளை உடலுக்குத் திரட்டித் தருகிறது. கார்ட்டிசாலுக்கு நாள்வட்ட ஒழுங்கு ஒன்று உண்டு. விடியலில் விழிக்கும் வேளையில் உயர்ந்து, நள்ளிரவை ஒட்டித் தாழும். இரவுப்பணியும் பகற்பணியும் மாறிமாறி வரும் செவிலியருக்கு இவ்வொழுங்கு கொள்ளைநோய் வருமுன்பே குலைந்திருப்பது இயல்பு.

மாண்ட்ரியலில் பணியாற்றிய ஆன்சு செல்யே 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக்குறிப்பு இத்துறையின் தொடக்கப்புள்ளி. எலிகளைக் குளிருக்கும் புண்ணுக்கும் நஞ்சுக்கும் தனித்தனியே ஆட்படுத்திய அவர், இடர் எதுவாயினும் உடலில் நேரும் மாற்றம் ஒன்றே என்று கண்டார்: அண்ணீரகம் பருத்தது, நெஞ்சுக்கணையம் சுருங்கியது, இரைப்பையில் புண் விழுந்தது. விழிப்பு நிலை, எதிர்த்து நிற்கும் நிலை, ஓய்ந்து வீழும் நிலை என மூன்று படிகளை அவர் வகுத்தார். இவற்றுள் ஏமாற்றுவது நடுப்படியே. எதிர்த்து நிற்பவர் வெளிப்பார்வைக்கு நலமாகவே தோன்றுவார்; பணிக்கு வருவார், பதிவேடு எழுதுவார், சிரிக்கவும் செய்வார். அவர் செலவிடும் ஈட்டை எவரும் காண்பதில்லை. அச்செலவின் கூட்டுத்தொகையை 1993ஆம் ஆண்டில் மெக்கீவன், சுடெல்லர் என்னும் இருவர் தனிக் கருத்தாக வடித்தனர். தமிழில் அதனை ஈடுகட்டுச் சுமை எனலாம். ஒவ்வொரு நாளும் உடல் தன்னை நிலைப்படுத்திக்கொள்ளக் கொடுக்கும் விலை, நாள்பட நாள்பட உடலையே அரிக்கிறது என்பது அதன் சாரம்.

பொதுவான இவ்வியக்கத்திலிருந்து மருத்துவப் பணிக்கே உரிய திரிபுகளுக்கு வருவோம். முதலில் பணித்தேய்வு. நியூயார்க்கில் கட்டணமில்லா மருத்துவ நிலையம் ஒன்றில் தொண்டாற்றியவர்களிடம் எர்பர்ட்டு பிராய்டன்பெர்கர் 1974ஆம் ஆண்டில் இதனைக் கண்டு எழுதினார். கிறிசுத்தினா மாசுலாக் 1981இல் இதற்கோர் அளவுகோல் அமைத்து மூன்று கூறுகளைப் பிரித்தறிந்தார்: உணர்வு வற்றிப்போதல், நோயரை ஆளாக எண்ணாது படுக்கை எண்ணாக எண்ணத் தொடங்குதல், தான் செய்வதில் பயனில்லை என்று தோன்றுதல். இரண்டாம் கூற்றை ஒழுக்கக்கேடு என்று மேலாளர்கள் பிழைபடக் கொள்வதுண்டு. அது கேடன்று, வற்றிய உள்ளம் எஞ்சிய ஈரத்தைக் காக்கப் போட்டுக்கொள்ளும் தாழ்ப்பாள். உலக நலவாழ்வு அமைப்பு 2019ஆம் ஆண்டில் தன் நோய்ப் பகுப்பின் பதினோராம் பதிப்பில் பணித்தேய்வைச் சேர்த்தபோது, அதனை நோயெனக் கொள்ளாமல் பணிசார் நிலை என்றே குறித்தது. வேறுபாடு பெரிது. நோயாயின் பண்டுவம் ஒருவருக்கு. பணிசார் நிலையாயின் பண்டுவம் பணிக்கு.

பரிவுக்களைப்பு, பேரதிர்வின் பின்னிலை ஆகியவற்றை இங்கே பெயர் சுட்டிக் கடப்போம். முன்னது பிறர் துயரை ஓயாது தாங்குவதால் வருவது. பின்னது கண்ட காட்சி கனவிலும் நனவிலும் மீண்டு மீண்டு தாக்குவது. நான்காவதாகிய அறப்புண்ணில்தான் சற்று நிற்க வேண்டும். செய்யத்தக்கது இன்னதென்று தெரிந்தும், அமைப்பின் தடையால் அதைச் செய்ய இயலாது போகும் நிலையைச் செவிலியர் அறவியலில் ஆண்ட்ரூ சேமட்டன் 1984ஆம் ஆண்டில் அறநெருக்கடி என்று வரையறுத்தார். வியத்நாம் போரினின்று மீண்ட படைவீரர்களுக்கு மருத்துவம் பார்த்த சொனாத்தன் சே, 1990களில் அதைவிட ஆழமான ஒன்றை அறப்புண் என்று விவரித்தார்; பின்வந்தோர் விரித்தபடி அது, சரியெனத் தான் நம்பியதற்கு மாறான செயலில், தலைமையின் ஆணையாலோ சூழலின் கட்டாயத்தாலோ, தானே கையாளாக நின்றவர்க்கு உள்ளத்தில் விழும் புண். அச்சத்தால் வரும் திரிபு அச்சம் நீங்கத் தணியும். அறப்புண் அச்சம் நீங்கிய பின்னரே வலிக்கத் தொடங்கும்.

இனி நிலத்துக்கு வருவோம். கொள்ளிடத்தின் வடகரையில், பாலத்தைக் கடந்தால் தஞ்சை மாவட்டம் என்னும் எல்லையில் அமைந்தது திருமானூர். அரியலூர் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடங்களுள் ஒன்று. அருகிலுள்ள திருமழபாடியில் இறைவனுக்கே மருத்துவர் தலைவன் என்று பெயர். மற்றொரு பக்கத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் அரியலூர்க் குறுநில மன்னரின் பிளவை நோயைத் தீர்த்தார் என்பது அவ்வூர் வழக்கு. சுண்ணாம்புக்கல்லும் பைஞ்சுதை ஆலைகளும் மிகுந்த இம்மாவட்டத்தின் மக்கள்தொகை ஏழரை நூறாயிரம் அளவினது. வேலை தேடிச் சென்னைக்குச் செல்வோர் இங்கு மிகுதி. அவருள் பலர் கோயம்பேட்டுச் சந்தையில் மூட்டை தூக்கியவர்கள்.

2020ஆம் ஆண்டு ஏப்பிரல் இறுதிவரை அரியலூரில் தொற்றுற்றோர் எண்ணிக்கை மிகக் குறைவு. கோயம்பேட்டில் தொற்று பரவி, மே 5 அன்று அச்சந்தை மூடப்பட்டது. அதற்கு முன்னும் பின்னுமாகச் சரக்குந்துகளில் ஊர் திரும்பிய தொழிலாளர் வழியே அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் எண்ணிக்கை திடுமென உயர்ந்தது. மே 6 அன்று தமிழ்நாடு முழுவதும் 771 பேருக்குத் தொற்று உறுதியானது. அவருள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் அரியலூரைச் சேர்ந்தவர்கள். பெருநகராகிய சென்னைக்கு அடுத்த இடத்தில், மருத்துவக் கல்லூரி ஒன்றும் இல்லாத சிறு மாவட்டம் ஒரே நாளில் வந்து நின்றது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 சனவரி 12 அன்று, பதினொரு புதிய கல்லூரிகளுள் ஒன்றாக. 2020 மே மாதத்தில் நிலை முற்றியவர்கள் திருச்சி அரசு மருத்துவமனைக்கே செல்ல வேண்டியிருந்தது.

அன்று தொற்றுற்றோரில் பலர் இளைஞர், அறிகுறி அற்றவர். அது இறப்புகள் மிகுந்த கட்டமன்று. எனவே அந்நாள்களின் சுமையை இறப்பின் சுமையாக எண்ணுவது பிழை. அது அறியாமையின் சுமை. தீநுண்மி காற்றில் எவ்வளவு தொலைவு செல்லும், துணியில் எத்தனை மணி தங்கும், யாரைக் கொல்லும், யாரை விடும் என்று உலகத்தின் தலைசிறந்த ஆய்வகங்களுக்கே தெளிவில்லாதபோது, ஊர்தோறும் வீடுவீடாகச் சென்று திரும்பி வந்தவரைக் கேட்டறிந்து பட்டியலிட வேண்டியவர் ஊர்ச் செவிலியரும் நலவாழ்வு ஆய்வாளருமே. அறியாமை நீடிக்கையில் உடலின் விழிப்பு நிலையை நிறுத்துவதற்கு முடிவுக்குறி எதுவும் கிடைப்பதில்லை. இடர் வந்து போனால் பரிவு நரம்பு அடங்கும். இடர் உண்டா இல்லையா என்று தெரியாத நிலையில் அடங்காது.

இதனோடு வெயிலையும் சேர்த்துக்கொள்க. மே மாதத்துக் கத்திரி வெயிலில், காற்றுப் புகாத முழுவுடல் காப்புடையை அணிந்தபின் நீர் பருகவோ சிறுநீர் கழிக்கவோ வழியில்லை. உடையைக் கழற்றினால் மீண்டும் அணியப் புதிய உடை வேண்டும். எனவே பணிக்கு முன்னரே நீரைக் குறைத்துக்கொண்டவர் பலர். தலைநோவு, மயக்கம், காதின் பின்னே மூச்சுக்காப்பின் நாடா அறுத்த புண் ஆகியவை உடலின் கணக்கில் எழுதப்பட்டன. உள்ளத்தின் கணக்கில் எழுதத்தக்கது வேறு: காப்புடைக்குள் இருப்பவர் யாரென்று நோயருக்குத் தெரியவில்லை. பணியின் பகுதியாகத் தன் உணர்வை அடக்கியும் வேண்டிய உணர்வை முகத்தில் காட்டியும் ஆற்றும் உழைப்பை ஆர்லி ஆக்சைல்டு 1983ஆம் ஆண்டில் உணர்வுழைப்பு என்று ஆராய்ந்தார். செவிலியரின் உணர்வுழைப்புக்கு முதற்கருவி முகம். அம்முகத்தை மூடிவிட்டு அதே ஆறுதலைத் தரச் சொன்னால், குரலும் கண்ணும் இருமடங்கு உழைக்க வேண்டும்.

திருமானூர் போன்ற எல்லையூரின் நிலை இன்னும் நுட்பமானது. 2020 மார்ச்சு 24 மாலை தொடங்கிய ஊரடங்கில் பேருந்துகள் நின்றன. மாவட்ட எல்லையைக் கடக்க இணையவழி நுழைவுச்சீட்டு வேண்டும் என்றாயிற்று. ஆற்றின் ஒரு கரையில் வீடும் மறுகரையில் பணியும் உடையவருக்கு, நாள்தோறும் கடந்த பாலமே வினாவும் விடையும் கேட்கும் வாயிலாக மாறியது. சிற்றூரில் மற்றொன்றும் உண்டு. பெருநகரில் செவிலியர் வீடு திரும்பினால் பல்லாயிரவருள் ஒருவர். சிற்றூரிலோ நர்சம்மா எந்தத் தெருவில், எந்த வீட்டில், யார் மருமகள் என்று ஊருக்கே தெரியும். பிள்ளைப்பேற்றுக்கும் தடுப்பூசிக்கும் வாயிலில் வந்து நின்ற அதே ஊர், தொற்றுக்காலத்தில் அவ்வாயிலைக் கண்டு விலகி நடந்தால், அவர் இழப்பது அண்டை வீட்டை மட்டுமன்று, தன் பணியின் பொருளையுமாகும். மறுபுறம், அதே நெருக்கம் துணையாக மாறிய ஊர்களும் உண்டு. சிற்றூரின் அளவே இருமுனையும் உடையது.

விலக்கலின் கொடுமுடி சென்னையில் நிகழ்ந்தது. நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் எர்க்குலிசு தொற்றால் 2020 ஏப்பிரல் 19 அன்று இறந்தார். அவர் உடலைப் புதைக்கவிடாமல் கூட்டம் ஒன்று தாக்கியது. ஊர்தியின் கண்ணாடிகள் நொறுங்கின. உடன் வந்தோர் புண்பட்டனர். நள்ளிரவில் உடன் பணிசெய்த மருத்துவரே மண்வெட்டி எடுத்து மண்ணைத் தள்ளி மூட வேண்டியதாயிற்று. மூன்று நாளில் ஒன்றிய அரசு 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்கு மூன்று திங்கள் முதல் ஐந்தாண்டுவரையும், கொடும்புண் விளைத்தால் ஆறு திங்கள் முதல் ஏழாண்டுவரையும் சிறை என ஆணையிட்டது. இறந்தார் உடலடக்கத்தைத் தடுப்போர்க்கு மூன்றாண்டுவரை சிறை எனத் தமிழ்நாடு அரசும் அம்மாத இறுதியில் ஆணை பிறப்பித்தது. சட்டம் கையைத் தடுத்தது. ஆனால் அச்செய்தியைத் தொலைக்காட்சியில் கண்ட மாநிலத்துச் செவிலியர் ஒவ்வொருவரும், நான் இறந்தால் என்ன ஆகும் என்று அன்றிரவு எண்ணியிருப்பர். அவ்வெண்ணத்துக்கு எச்சட்டத்தில் இடமிருக்கிறது?

விலக்கலுக்கு எதிர்முனை புகழ்ச்சி. மார்ச்சு 22 அன்று நாடு கைதட்டியது. மே 3 அன்று வான்படையின் ஊர்திகள் மருத்துவமனைகள்மேல் மலர் தூவின. முன்களப் பணியாளர் என்னும் படைமொழி தொற்றுக்காலத்தில்தான் நம் நாளிதழ்களில் நிலைபெற்றது. நன்றி சொல்வது தீதன்று; நானும் கைதட்டியவனே. ஆயினும் ஒருவரைக் கடவுளாகவோ மறவராகவோ உயர்த்தியபின், எனக்கு அச்சமாக இருக்கிறது, எனக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லும் உரிமையை அவர் இழக்கிறார். படைமொழியை ஆண்டவர்கள் படையின் நெறியை ஆளவில்லை என்பதும் கருதத்தக்கது. எந்தப் படையும் தன் முன்வரிசையை ஓயாது முன்வரிசையிலேயே நிறுத்துவதில்லை, முறைவைத்துப் பின்னிழுக்கும். கிழமைக் கணக்கில் பணியும் அதன்பின் தனியிருப்பும் என்று 2020இல் வகுக்கப்பட்ட ஏற்பாடு அந்நெறிக்கு அருகில் வந்தது. தனியிருப்பு என்பது ஓய்வா, பிள்ளைகளைக் காணாத இன்னொரு சிறையா என்பதை மட்டும் வகுத்தவர்கள் ஆராயவில்லை.

2021ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில் சுமையின் இயல்பே மாறிற்று. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. இப்போது அறியாமை இல்லை. தீநுண்மியை நன்கு அறிந்திருந்தனர், பணியாளருள் பெரும்பாலோர்க்குத் தடுப்பூசியும் எட்டியிருந்தது. இல்லாதவை படுக்கையும் உயிர்வளியும். மருத்துவமனை வாயிலில் ஊர்திகள் வரிசையில் நிற்க, உள்ளே ஒரு படுக்கை ஒழியும்போது அது யாருக்கு என்று முடிவு செய்தவர், தேர்ந்தவரின் முகத்தைவிடத் தேராதவரின் முகத்தையே நெடுநாள் சுமப்பார். இறப்பவரின் அருகில் உறவினர் நிற்க இசைவில்லாதபோது, கைப்பேசியைக் கண்முன் பிடித்துக் கடைசிச் சொல்லைக் கடத்தியவர் செவிலியர். உறையிட்டுக் கட்டிய உடலின் முகத்தைத் திறந்து காட்டுமாறு மகன் கெஞ்சியபோது, நெறிக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு ஊர்தியின் கதவைச் சாத்தியவர் கடைநிலைப் பணியாளர். அறப்புண்ணின் வரையறை எழுத்துக்கு எழுத்து இங்கே பொருந்துகிறது: செயல் அவருடையது, முடிவு அவருடையதன்று.

எண்ணாமல் எதையும் அறிவியல் அறிவதில்லை. நவீனச் செவிலியத்தின் தாயாகிய புளோரன்சு நைட்டிங்கேல் 1820 மே 12 அன்று பிறந்தவர். அரியலூரில் எண்ணிக்கை உயர்ந்த அதே கிழமையை ஒட்டி, 2020 மே 12 அன்று அவருடைய இருநூறாம் பிறந்தநாள் வந்தது. விளக்கேந்திய பெருமாட்டி என்று நாம் அறிந்த அவர் புள்ளியியல் அறிஞருமாவார். கிரிமியப் போரில் வீரர்கள் போர்ப்புண்ணைவிட நோயால் மிகுதியாக இறந்தனர் என்பதை 1858இல் வட்ட வரைபடத்தால் மெய்ப்பித்து அரசைத் திருத்தியவர். நோயரை எண்ணும் கலையை அவர் வளர்த்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும், நோயரைக் காப்பவரை எண்ணும் கலை குழவிப் பருவத்திலேயே இருக்கிறது. 2020 சனவரி முதல் 2021 மே வரை உலகில் இத்தொற்றால் இறந்த மருத்துவப் பணியாளர் எத்தனை பேர் என்பதற்கு உலக நலவாழ்வு அமைப்பு தந்த விடை 80,000க்கும் 1,80,000க்கும் இடையில் என்பதே. கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடையே நூறாயிரம் உயிர்கள்.

உளநிலையை எண்ண முற்பட்ட தொடக்கப் பேராய்வுகளுள் ஒன்று சீனத்தினது. 2020 தொடக்கத்தில் 34 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,257 பணியாளரிடம் வினவியபோது, உளச்சோர்வின் அறிகுறி 50.4 விழுக்காட்டினரிடமும், பதற்றம் 44.6 விழுக்காட்டினரிடமும், துயிலின்மை 34 விழுக்காட்டினரிடமும், பொதுவான உளத்துயர் 71.5 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. செவிலியர், பெண்கள், தொற்றுற்றோரை நேரே பார்த்தவர்கள், வூகானில் பணியாற்றியவர்கள் ஆகியோரிடம் கடுமை மிகுந்திருந்தது. இவ்வொழுங்கு கருதத்தக்கது. திரிபு ஆளுக்கு ஆள் கண்டபடி சிதறவில்லை. சுமை எங்கே மிகுந்ததோ அங்கே மிகுந்தது. உளத்திரிபு ஆளின் குறைபாடாயின் அது எல்லாப் பிரிவுகளிலும் ஒரே அளவில் விரவியிருக்க வேண்டும். அவ்வாறின்றிப் பணியின் படிக்கட்டைப் பின்பற்றி ஏறி இறங்குவதால், திரிபின் ஊற்று பணியின் அமைப்பிலேயே உளது.

அவ்வமைப்பை ஆய்ந்த இரு கொள்கைகள் இங்கே துணைசெய்யும். இராபர்ட்டு கராசெக் 1979இல் கூறியதன்படி, கேட்பு மிகுதி மட்டும் மாந்தரைக் குலைப்பதில்லை. கேட்பு மிகுந்து, தன் பணியை எவ்வாறு செய்வது என்று முடிவு செய்யும் உரிமை குறையும்போதே குலைவு நேர்கிறது. மருத்துவமனையில் கேட்பு அனைவர்க்கும் மிகுந்தது. உரிமையோ மேலிருந்து கீழே வரவரக் குறைந்து, தூய்மைப் பணியாளரிடம் ஏறத்தாழ இல்லாமற் போகிறது. ஆய்வுகளோ மருத்துவரையும் செவிலியரையும் பற்றி மிகுதி, தூய்மைப் பணியாளரைப் பற்றி அரிது. சுமையின் வரிசைக்கு நேர் தலைகீழ். யோகானசு சீக்ரிசுட்டு 1996இல் வகுத்த மற்றொரு கொள்கை, கொடுத்த உழைப்புக்கும் பெற்ற ஈட்டுக்கும் இடையிலான சமனின்மையே நோய்க்கு வித்து என்கிறது. ஈடு என்பது ஊதியம் மட்டுமன்று. மதிப்பும், நாளையும் பணி இருக்கும் என்னும் உறுதியும் அதனுள் அடங்கும். தமிழ்நாட்டில் 2020இல் இடைக்கால ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டுத் தொற்றுக்காலம் முழுதும் பணியாற்றிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் பணி 2022 திசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்தது. அவர்கள் போராடினர், மாற்றுப் பணிகள் தருவதாக அரசு அறிவித்தது. அரசின் நிதிக்கணக்கில் அதற்கு விளக்கம் இருக்கக்கூடும். சீக்ரிசுட்டின் கணக்கில் அது, உழைப்பு முழுமையாகச் செலுத்தப்பட்டபின் ஈட்டின் ஒரு பகுதி திரும்பப் பெறப்பட்ட நிகழ்வு.

தீர்வுக்கும் சான்று உண்டு. சீனத்தின் சாங்சா நகரத்து இரண்டாம் சியாங்யா மருத்துவமனை, 2020இல் தன் பணியாளருக்கென உளவியலாளர் குழு அமைத்து, அறிவுரைத் தொலைபேசியும் குழுப் பயிற்சிகளும் ஏற்பாடு செய்தது. பணியாளர் வரவில்லை. செவிலியருள் பலர் தங்களுக்குச் சிக்கல் இல்லை என்றனர். நேரில் சென்று வினவியபோது, தங்களுக்கு உளவியலாளர் வேண்டா, வேண்டியவை இடையூறில்லாத ஓய்வும் போதிய காப்புடையுமே என்றனர். மருத்துவமனை தன் திட்டத்தை மாற்றிக்கொண்டது: ஓய்விடம் அமைத்தது, உணவு தந்தது, காப்புடையின் பயன்பாட்டுக்கு விரிவான நெறி வகுத்தது, வீட்டாரின் கவலை தணியப் பணியாளரின் அன்றாட வாழ்வைப் படம்பிடித்து அனுப்ப வழிசெய்தது. உளவியலாளர்கள் அவ்வோய்விடத்துக்கே சென்று, கேட்டவர்க்கு மட்டும் செவிகொடுத்தனர். தொராண்டோவில் 2003ஆம் ஆண்டு சார்சு தொற்றைக் கையாண்ட மருத்துவமனைப் பணியாளரை ஓராண்டுக்கு மேல் கழித்து ஆராய்ந்தவர்களும் இதனையே கண்டனர். பணித்தேய்வு அப்போதும் நீடித்திருந்தது. போதிய பயிற்சியும் காப்பும் துணையும் தமக்குக் கிடைத்தன என்று கருதியவர்களிடம் அது குறைந்திருந்தது.

அரியலூருக்கு இன்று மருத்துவக் கல்லூரி உண்டு. அதன் எல்லைக்குள் திருமானூர் ஒன்றியத்துச் சிற்றூர்கள் உண்டு. அடுத்த தொற்றுக்குக் காத்திராமல் இங்கேயே தொடங்கத்தக்க பணி ஒன்று, உழைச்செல்வாரின் உளத்திரிபை ஆண்டுக்கு இருமுறை அளப்பது. மாசுலாக்கின் அளவுகோல் ஆங்கிலத்தில் பிறந்தது. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஊர்ச் செவிலியர் எல்லாவற்றுக்கும் இல்லை என்றே குறிப்பார், ஏனெனில் நம் மக்கள் உள்ளத்தின் களைப்பை உள்ளத்தின் பெயரால் சொல்வதில்லை. உடம்பு அசதி, கை கால் ஓய்ச்சல், சோறு இறங்கவில்லை, யாரைப் பார்த்தாலும் எரிச்சல் என்றே சொல்வர். எனவே வினாக்கள் அங்கிருந்து எழ வேண்டும்: பணி முடிந்து வீட்டு வாயிலில் சற்று நேரம் உள்ளே போகத் தோன்றாமல் நின்றதுண்டா? நோயர் ஒரே வினாவை மூன்றாம் முறை கேட்டால் என்ன செய்தீர்கள்? சென்ற திங்களில் எத்தனை இரவு விளக்கை அணைத்தபின்னும் கூடத்தின் ஒலிகள் கேட்டன? சரியென்று படாத ஒன்றைச் செய்யச் சொல்லி, செய்ததுண்டா; அதை யாரிடமாவது சொன்னீர்களா?

விடைத்தாளில் பெயர் வேண்டா, பிரிவும் பணிநிலையும் போதும். ஒரு பிரிவின் கூட்டெண் எல்லையைக் கடந்தால், முதலில் திருத்தப்பட வேண்டியது அப்பிரிவின் பணிமுறை அட்டவணை. அதன்பின் ஆட்களின் எண்ணிக்கை. படுக்கை ஒதுக்கும் முடிவு தனியொருவர் தலையில் விழுகிறதா, மூவர் குழுவிடம் இருக்கிறதா என்பது அடுத்தது. ஒரே பிரிவில் மூன்று முறை தொடர்ந்து எண் உயர்ந்தால், அதற்கான மறுமொழியை அறுபது நாளுக்குள் எழுத்தில் தரவேண்டியவர் மருத்துவமனைக் கண்காணிப்பாளர். படிவத்தை நிரப்பிய செவிலியர் அல்லர்.